வேரில் ஊறும் விசை: மேலை இராக்கிசையும் நாட்டார் பாட்டும்

(தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

இன்று எனக்குத் தரப்பெற்றுள்ள பொருள், மேலை நாட்டார் ‘ராக்’ என வழங்கும் இசையின் நாட்டார் வேரும் பாவலனின் படைப்பூக்கமும் என்பதாகும். ரகரம் தமிழில் மொழிமுதலாகாமையின் ‘இராக்கிசை’ என்றே நான் சொல்லப் போகின்றேன். தொல்காப்பியம் கற்பிக்கின்ற ஒரு தமிழாசிரியன் மின்கித்தார் இசையைப் பற்றிப் பேசுவதா என்று உங்களுள் சிலர் வியக்கலாம். சிலர் முகஞ்சுளிக்கவும் கூடும். சுளிப்பவர்களிடம் ஒன்று கேட்கின்றேன். நம் பிள்ளைகள் அவ்விசையை நாள்தோறும் கேட்கின்றனர் என்பது உண்மையா, இல்லையா? உண்மையெனின், அது யாது, எங்கிருந்து வந்தது, அதற்கு அத்துணை ஆற்றல் எதனால் வாய்த்தது என்று ஆராய்ந்தறிவது ஆசிரியர் கடமையன்றோ?

பெரியவர்கள் அதனை வெற்றிரைச்சல் என்று தள்ளுகின்றனர். இளைஞர்கள் அதனைப் புதுமையின் முடிமணி என்று தலைமேல் தாங்குகின்றனர். இருசாராரும் அதன் வேரை நோக்கினாரல்லர். வேரை நோக்கினாலோ, அங்கே எழுத்தறியா உழவரும், அடிமைத்தளையில் கிடந்தாரும், சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பெண்மக்களும் பாடிய பாட்டையே காண்கின்றோம். தன் மக்களின் பாட்டிலே காலூன்றி நின்றவனுக்கே படைக்கும் விசை பெருகியது என்பதையும் அவ்வரலாறு காட்டுகின்றது. இவ்விரண்டையும் சான்றுகளோடு எடுத்துரைப்பதே என் நோக்கம்.

பறையைப் பறித்தனர், தாளத்தைப் பறிக்க முடியவில்லை

முதல் வேர் கருப்பின மக்களுடையது. ஆப்பிரிக்க நிலத்தினின்று கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு, வட அமெரிக்கப் பண்ணைகளில் விற்கப்பட்ட மக்கள் ஒரே மொழியினரல்லர், பல மொழியினர். தம் மொழியில் பேசிக்கொள்ள உடன்மொழியார் அருகில் இல்லாத நிலையில், ஓரிரு தலைமுறைக்குள் அவர்கள் தாய்மொழிகள் நாவினின்று நழுவிப் போயின. ஆண்டையின் மொழியே அவர்கட்கு மொழியாயிற்று. உலக வரலாற்றில் மொழியிழப்பினும் பெரிய கொள்ளை வேறுளதோ?

மொழி போயிற்று, பறையேனும் எஞ்சியதா? 1739-ஆம் ஆண்டு தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். பறையறைந்து ஆள்திரட்டியபடியே அவர்கள் நடந்தனர். அதனை அடக்கிய ஆட்சியாளர், 1740-இல் இயற்றிய அடிமைச் சட்டத்தில், அம்மக்கள் பறை முழக்குதலையே தடைசெய்தனர். ஒரு தோற்கருவிக்கு அரசு அஞ்சியது என்றால், இசை வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு அதனினும் சான்று வேண்டுவதில்லை.

பறையைப் பறித்தவர்களால் தாளத்தைப் பறிக்க இயலவில்லை. கையைத் தட்டினர், காலால் தரையை மிதித்தனர், கோடரி வெட்டும் ஓசையையே தாளமாக்கினர். ஒருவர் குரலெடுப்ப மற்றவர் எதிர்குரல் கொடுக்கும் ஆப்பிரிக்கப் பாடன்முறை, பருத்திக் காட்டிலும் இருப்புப்பாதை போடும் களத்திலும் உயிர்த்திருந்தது. ‘பாஞ்சோ’ என்னும் நரம்புக்கருவியும் ஆப்பிரிக்கக் கருவி மரபினின்று அவர்கள் ஆக்கிக்கொண்டதே. இவற்றினின்று, ஏறத்தாழ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ‘புளூசு’ என்னும் துயரப் பாட்டு கிளைத்தது. அதன் யாப்பு எளியது. ஓரடியைப் பாடுவர், அவ்வடியையே மீண்டும் பாடுவர், மூன்றாமடியில் அதற்கு விடை தருவர். அடிகளின் இடைவெளியில் கித்தார் எதிர்குரல் கொடுக்கும். களத்தில் நூறுபேர் கொடுத்த எதிர்குரலை, தனியனாகிவிட்ட பாடகனுக்கு அவன் கையிலுள்ள கருவியே கொடுத்தது என்று நான் அதனை விளங்கிக் கொள்கின்றேன்.

1941-இல் மிசிசிப்பி மாநிலத்துப் பண்ணையொன்றுக்கு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பொருட்டு ஆலன் உலோமாக்சு என்பார் ஒலிப்பதிவுப் பொறியுடன் சென்றார். அங்கே உழுபொறி ஓட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் பாட்டைப் பதிவு செய்தார். மடி வாட்டர்சு என்று பின்னர் உலகறிந்தவர் அவரே. தம் குரலைத் தட்டில் கேட்டபின், பாட்டே தம் வாழ்வு என்று துணிந்த அவர், 1943-இல் சிக்காகோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அந்நகரத்துக் கள்ளுக்கடை ஆரவாரத்தில் மரக்கித்தாரின் மெல்லோசை எடுபடவில்லை. ஆதலின் மின்கித்தாரைக் கையிலெடுத்தார். நாம் இரைச்சல் என்று இகழ்கின்றோமே, அவ்வொலி பிறந்த கரணியம் இதுவே. பண்ணையில் பாடிய பாட்டு நகரத்து ஆரவாரத்துக்கு நடுவே தன்னைக் கேட்கச் செய்துகொள்ள எழுப்பிய குரல் அது. 1950-இல் அவர் வெளியிட்ட பாட்டொன்றின் பெயரைக்கொண்டே, 1962-இல் இலண்டனில் இளைஞர் சிலர் தம் குழுவிற்கு ‘உரோலிங் இசுடோன்சு’ என்று பெயரிட்டனர்.

ஒரு தட்டு, இரு பக்கம்

இரண்டாவது வேர், ஆங்கில, இசுகாட்லாந்து ஊர்ப்புறங்களின் கதைப்பாட்டு. ஆர்வர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்சிசு சேம்சு சைல்டு என்பார், அத்தகைய கதைப்பாட்டுகள் 305-ஐத் தேர்ந்து, கிடைத்த வடிவமெல்லாம் ஒப்பிட்டுத் தொகுத்தார். 1882 முதல் 1898 வரை அத்தொகுப்பு வெளிவந்தது. முடிவைக் காணாமலே 1896-இல் அவர் மறைந்தார். இங்கிலாந்தில் செசில் சார்ப்பு என்னும் இசையாசிரியர், 1903-இல் சாமர்செட்டு ஊர்ப்புறத்தில் ஒரு தோட்டக்காரர் பாடியதைக் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டார். அன்றுதொட்டு ஊர் ஊராகத் திரிந்து பாட்டுத் திரட்டினார். 1916-க்கும் 1918-க்கும் இடையே, அமெரிக்காவின் அப்பலேச்சிய மலையூர்களுக்கு மாடு கார்பிலிசு என்னும் அம்மையார் துணையுடன் சென்றார். கடல் கடந்து குடியேறியோரின் வழியினர், தம் முன்னோர் பாடிய பழம்பாட்டுகளை அம்மலைகளில் அன்றும் பாடிக்கொண்டிருக்கக் கண்டார்.

இவ்விரு வேரும் ஒன்றுபட்ட இடத்தை ஓர் இசைத்தட்டே காட்டும். 1954 சூலையில் மெம்பிசு நகரில், பத்தொன்பது அகவை நிரம்பிய எல்விசு பிரெசுலி என்னும் இளைஞரின் முதல் வணிகத் தட்டு வெளிவந்தது. அதன் ஒரு பக்கத்தில் இருந்தது, ஆர்தர் கிரடப் என்னும் கருப்பினப் பாடகர் 1946-இல் பாடிய புளூசுப் பாட்டு. மறுபக்கத்தில் இருந்தது, கெண்டக்கியைச் சேர்ந்த பில் மன்றோ என்னும் வெள்ளையினப் பாடகர், மலைநாட்டு இசைவழியில் ஆக்கிய பாட்டு. இரு மக்களின் பாட்டு ஒரு தட்டின் இரு முகமாயின. இராக்கிசையின் பிறப்பிற்கு ஆண்டு குறிப்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அதன் தாய்தந்தையர் யாவர் என்பதில் வேறுபாடில்லை.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. அதனை மறைத்தல் ஆகாது. பிரெசுலி பெருஞ்செல்வரானார். கிரடப்போ தம் பாட்டுகளுக்குரிய பங்குத்தொகை உரியவாறு கிடைக்கப் பெறாமலே 1974-இல் மறைந்தார். பாட்டு மலர்ந்தது ஓரிடம். பணம் குவிந்தது வேறிடம். நாட்டார் பாட்டைப் போற்றுவோம் என்போர், அப்பாட்டைப் பாடிய மக்களின் வயிற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாட்டின் பயணம் அங்கு நிற்கவில்லை. 1934-இல் ஆர்க்கன்சாசு மாநிலச் சிறைப்பண்ணையில், இருப்புப்பாதையொன்றைப் பற்றிச் சிறையாளர் பாடிய பாட்டை ஆலனின் தந்தையார் சான் உலோமாக்சு பதிவு செய்தார். உடன்சென்ற இலெட்பெல்லி என்னும் பாடகர் அதனைக் கற்றுப் பரப்பினார். அதே பாட்டை 1954-இல் இங்கிலாந்தில் இலோனி தானகன் பாடிப் பதிந்தார். 1956-இல் அது நாடெங்கும் முழங்கியது. துணிதுவைக்கும் பலகையும் தேயிலைப் பெட்டியும் இசைக்கருவிகளாக, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தெருத்தோறும் குழுவமைத்தனர். அவ்வாறு இலிவர்ப்பூலில் அமைந்த ஒரு பள்ளிச் சிறுவர் குழுவின் தலைவர் சான் இலெனன். 1957 சூலை 6-ஆம் நாள் கிறித்தவக் கோயில் விழாவொன்றில் அக்குழு பாடியபோதுதான் பால் மெக்கார்ட்டினி அவரைச் சந்தித்தார். பீட்டில்சு குழுவின் வித்து அதுவே. அமெரிக்கச் சிறைப்பண்ணையில் பதிவான பாட்டு, ஏறத்தாழ இருபதாண்டில் கடல் கடந்து இலிவர்ப்பூல் சிறுவர்களைப் பாடகராக்கியது.

படைப்பூக்கம் எங்கிருந்து வருகின்றது?

இனி இரண்டாம் பொருளுக்கு வருவோம். பாட்டு எழுதுவோனைப் பார்த்து, “உமக்கு இவ்வூக்கம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டால், “அது வானினின்று இறங்கிற்று” என்பார் உளர். அதனை நான் ஏற்பதில்லை. யாப்புக் கற்பித்தும், ஓரளவு பாப்புனைந்தும் வருகின்ற எனக்குத் தெரிந்தவரை, வெற்றிடத்தினின்று பாட்டு பிறப்பதில்லை. செவியில் முன்னரே குடியேறிய ஓசையும், நெஞ்சை அறுக்கும் ஒரு நோவும் மோதும்போதே அது பிறக்கின்றது.

பாப் திலன் என்னும் பாவலரை எடுத்துக்கொள்வோம். 1961-இல் அவர் நியூயார்க்கு நகரத்துக்கு வந்தது, உழைப்பாளரின் பாடகராய் விளங்கி, நோயுற்று மருத்துவமனையில் கிடந்த உட்டி கத்ரியைக் காண்பதற்காகவே. 1962-இல் வெளிவந்த அவருடைய முதற்றட்டில் 13 பாட்டுகள். அவற்றுள் அவரே ஆக்கியவை இரண்டே இரண்டு. ஏனையவை நாட்டார் பாட்டும் பிறர் பாட்டும். இருபது அகவை இளைஞர், முதற்கண் தம் பாட்டைக் காட்ட விரையவில்லை. தாம் கற்ற பாட்டையே பாடிக் காட்டினார். கற்றல் முந்தியது, படைத்தல் பிந்தியது.

அணுப்படை அச்சம் உலகின்மேல் கவிந்திருந்த அதே 1962-ஆம் ஆண்டில், கொடுமழை ஒன்று வரப்போவதாக அவர் ஒரு நெடும்பாட்டு எழுதினார். அதன் கட்டுமானம் யாது? சைல்டு தொகுப்பில் 12-ஆம் எண்ணுடைய கதைப்பாட்டு. அப்பழம்பாட்டில், எங்கே போயிருந்தாய் என்று தாய் வினவுகின்றாள். காதலியால் நஞ்சூட்டப்பட்ட மகன் விடை சொல்கின்றான். திலன் அவ்வினா விடை அமைப்பை வைத்துக்கொண்டார். நஞ்சுண்டவன் பழம்பாட்டில் ஒரு தனிமகன். புதுப்பாட்டிலோ ஓர் உலகமே நஞ்சுண்டு நிற்கின்றது. பழைய கலத்தில் புது நோவை அவர் வார்த்தார். காற்றைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாட்டின் மெட்டும், விலைக்களத்தினின்று மீண்ட அடிமைகளின் விடுதலைப் பாட்டினின்று எடுக்கப்பட்டதே. 2015-இல் ஒரு விழாவில் பேசுகையில், தம் பாட்டுகள் ஒன்றுமில்லாமையினின்று தோன்றியவையல்ல என்றும், நாட்டார் பாட்டுகளை ஓயாது பாடிப் பாடியே அவற்றை எழுத நேர்ந்தது என்றும் அவரே விளக்கினார். 2016-ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. எழுத்தறியா மக்களின் பாட்டுமரபு, எழுத்துலகின் உச்சிப் பரிசைப் பெற்றது என்றே நான் அதனைக் கருதுகின்றேன்.

மற்றோர் எடுத்துக்காட்டு. ‘பேர்போர்ட்டு கன்வென்சன்’ என்பது இலண்டன் இளைஞர் குழு. முதலில் அமெரிக்கர் போலவே பாடிவந்தது. 1969 மே 12-ஆம் நாள் விடியலில், நிகழ்ச்சி முடித்துத் திரும்பும்போது அவர்கள் ஊர்தி கவிழ்ந்தது. பத்தொன்பது அகவை மத்தள இளைஞர் மார்ட்டின் இலாம்பிளும் உடன்வந்த இளம்பெண் ஒருவரும் மாண்டனர். எஞ்சியோர், குழுவைக் கலைத்துவிடலாமா என்று கலங்கினர். மாண்ட தோழனோடு பாடிய பழைய பாட்டுகளை மீண்டும் பாட அவர்கட்கு நெஞ்சு வரவில்லை. வேறெதைப் பாடுவது? ஆசுலி அச்சிங்சு என்னும் குழுவினர், செசில் சார்ப்பின் பெயர் தாங்கிய இலண்டன் நிலையத்து நூலகத்தில் அமர்ந்து பழம்பாட்டுகளைத் துருவினார். அவ்வாண்டு முடிவதற்குள், நூற்றாண்டுகள் பழைய கதைப்பாட்டுகள் மின்கித்தாரோடும் முழவோடும் தட்டாக வெளிவந்தன. ஆங்கில நாட்டார் இராக்கு என்னும் வகையே அத்தட்டினால் நிலைபெற்றது. துயரத்தில் தாய்மடி தேடும் பிள்ளைபோல், அவ்விளைஞர் தம் மக்களின் பழம்பாட்டைத் தேடினர். அம்மடி அவர்களைத் தாங்கிற்று.

மொழியை இழந்தார் பாட்டைக் கொண்டு எழுந்தனர்

இதுகாறும் சொன்னவை ஆங்கிலத்தில் நிகழ்ந்தவை. உலகாளும் மொழிக்குப் பாட்டு ஓர் அணி. ஒடுக்கப்பட்ட மொழிக்கோ பாட்டு ஓர் உயிர்மூச்சு. நம் நெஞ்சுக்கு அணுக்கமான பகுதி இதுவே.

பிரெஞ்சு நாட்டின் வடமேற்கு மூலையில் பிரித்தனி என்னும் நிலம் உள்ளது. அங்குள்ளார் தாய்மொழி பிரெத்தோன். அது பிரெஞ்சோடு நெருங்கிய உறவுடையதன்று. கெல்டிய இனத்து மொழி. பள்ளியில் அம்மொழியில் வாய்திறந்த சிறுவன் கழுத்தில் ஓர் இழிவுச் சின்னத்தைத் தொங்கவிட்டனர். அடுத்துத் தாய்மொழி பேசும் தோழனைக் காட்டிக்கொடுத்தாலே அது தன் கழுத்தினின்று நீங்கும். தாய்மொழியை வெறுக்கவும் தோழனைக் காட்டிக்கொடுக்கவும் ஒருங்கே கற்பித்த கல்வி அது!

அந்நிலத்தை மூலமாகக் கொண்ட குடும்பத்தில் 1944-இல் பிறந்து, பாரிசு நகரில் வளர்ந்தவர் ஆலன். பிரித்தனியில் இடைக்காலத்திற்குப்பின் வழக்கொழிந்துபோன பழைய யாழ்க்கருவியை, அவர் தந்தையார் பழஞ்சான்றுகளை ஆராய்ந்து, 1953-இல் தம் கையாலேயே மீண்டும் ஆக்கினார். ஒன்பது அகவை மகன் அதனை மீட்டக் கற்றான். வீட்டில் வழங்காத முன்னோர் மொழியையும் முயன்று கற்றான். பிரெஞ்சு வடிவிலே திரிந்திருந்த கோசவெலூ என்னும் தம் குடும்பப் பெயரின் மூலத்தை நாடி, பிரெத்தோன் மொழியில் ஊற்று எனப் பொருள்படும் ‘இசுடிவெல்’ என்பதையே தம் மேடைப்பெயராகக் கொண்டார் ஆலன். வேதாசலம் மறைமலையடிகளான வரலாற்றை அறிந்த நமக்கு, அப்பெயர் மாற்றத்தின் உட்பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1972 பிப்பிரவரி 28-ஆம் நாள், பாரிசின் புகழ்பெற்ற ஒலிம்பியா அரங்கில் ஆலன் இசுடிவெல் பாடினார். யாழும், ஊர்ப்புறக் குழலும், மின்கித்தாரும், முழவும் ஒருங்கே ஒலித்தன. வானொலி அதனை நாடெங்கும் நேரே ஒலிபரப்பியது. எந்த மொழியைப் பேசியதற்காகச் சிறுவர் கழுத்தில் இழிவுச் சின்னம் தொங்கியதோ, அம்மொழிப் பாட்டுக்குத் தலைநகரத்து இளைஞர் எழுந்து ஆடினர். ஐந்தாண்டு கழித்து, 1977-இல், பிரெத்தோன் வழிப் பள்ளிகளாகிய ‘திவான்’ பள்ளிகள் தொடங்கப்பெற்றன.

வேல்சு நாட்டிலும் கதை இத்தகையதே. 1962 பிப்பிரவரி 13-ஆம் நாள், சாண்டர்சு இலூயிசு என்னும் முதுபெரும் எழுத்தாளர், தம் மொழியின் ஊழ் பற்றி வானொலியில் உரையாற்றினார். போராடாவிடின் மொழி அழியும் என்பதே அவ்வுரையின் சாரம். அவ்வாண்டே மொழிக்கழகம் தோன்றியது. 1965-இல் இலிவர்ப்பூல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக, கேப்பல் கெலின் என்னும் வேல்சு மொழிச் சிற்றூர் அணைநீரில் மூழ்கடிக்கப்பட்டது. பீட்டில்சு பாடிய இலிவர்ப்பூலின் மறுமுகம் இது! அவ்வெதிர்ப்பினின்றும் பாட்டு பிறந்தது. 1969-இல் வேல்சு மொழிப் பாட்டுக்கெனவே தொடங்கப்பெற்ற ‘சைன்’ என்னும் நிறுவனத்தின் முதல் தட்டு, நீர் என்னும் தலைப்புடையது.

அந்நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவர் பாடகர் தாவித் இவான். சாலைப் பலகைகளில் இருந்த ஆங்கிலத்தை மட்டும் எழுதும் வழக்கத்தை எதிர்த்து அவற்றை அழித்தமைக்காகத் தண்டத்தொகை விதிக்கப்பட்டபோது, அதனைச் செலுத்த மறுத்து 1970-இல் சிறை புகுந்தார். 1973-இல் வேல்சு மொழியிலேயே இராக்கிசை பாடும் எட்வர்டு எச்சு தாவிசு என்னும் குழுவும் எழுந்தது. புதுக்கால இசைக்கு ஆங்கிலமே மொழி என்ற மயக்கத்தை அது உடைத்தது. 1979-இல் தன்னாட்சி வாக்கெடுப்பில் வேல்சு தோற்றுத் தலைகவிழ்ந்தது. அச்சோர்வை நீக்கும் பொருட்டு 1983-இல் தாவித் இவான் ஒரு பாட்டெழுதினார். எத்தனை இடர் வரினும் நாம் இன்னும் இங்கேயே இருக்கின்றோம் என்பது அதன் கருத்து. 2022-இல், 64 ஆண்டுகளுக்குப்பின் வேல்சு உலகக் கால்பந்துப் போட்டிக்குத் தகுதி பெற்றபோது, அக்குழுவின் பாட்டாக அதுவே ஏற்கப்பட்டது. தோல்வியில் பிறந்த பாட்டு, நாற்பதாண்டு காத்திருந்து வெற்றிக் களத்தில் ஒலித்தது.

பாட்டு மட்டும் போதுமா?

இங்கே நான் உங்களை எச்சரிக்கக் கடமைப்பட்டுள்ளேன். பாட்டு மொழியைத் தானே காத்துவிடும் என்று கருதி மகிழ்ந்து உறங்கிவிடலாகாது. 1950-ஐ ஒட்டி ஏறத்தாழ 10 இலக்கம் பேர் பேசிய பிரெத்தோன் மொழியை, 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பேசுவோர் ஏறத்தாழ 1,07,000 பேரே. ஒலிம்பியாவில் கைதட்டியோர் வீட்டில் அம்மொழி பேசப்படவில்லை. பிரெஞ்சு அரசமைப்போ, குடியரசின் மொழி பிரெஞ்சே என்று 1992-இல் எழுதி வைத்துக்கொண்டது.

வேல்சில் நிலை வேறு. தமக்கெனத் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன வாக்கை அரசு மீறியபோது, சாகும்வரை உண்ணாநோன்பு இருப்பேன் என்று 1980-இல் குவின்வோர் எவான்சு அறிவித்தார். அரசு பணிந்தது, 1982 நவம்பரில் வேல்சுத் தொலைக்காட்சி தொடங்கியது. பள்ளியும் சட்டமும் பின்தொடர்ந்தன. 2011-இல் அம்மொழி அங்கே ஆட்சிமொழி நிலை பெற்றது. இவ்வளவிருந்தும் 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதனைப் பேசுவோர் 5,38,000 பேர், நூற்றுக்கு 17.8 விழுக்காட்டினர். எனினும் பிரெத்தோனைப் போல் அது சரிந்துவிடவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். பாட்டு நெஞ்சை எழுப்பும். எழுந்த நெஞ்சு பள்ளியையும் ஆட்சியையும் தொழிலையும் வென்றெடுத்தால்தான் மொழி வாழும்.

நமக்குரிய பாடம்

இளவல்களே! இராக்கிசையைக் கேளாதீர் என்று நான் சொல்லமாட்டேன். கேளுங்கள். ஆனால் அவ்விசையாளர் செய்ததைச் செய்யுங்கள். அவர்கள் செய்துமுடித்ததை மட்டும் பார்த்துப் படியெடுக்காதீர். திலனைப் போல் குரலை மாற்றிக்கொள்வது எளிது. திலனைப் போல் தன் மக்களின் பாட்டை நூற்றுக்கணக்கில் நெஞ்சில் ஏற்றுவது அரிது. அரியதைச் செய்தவனுக்கே படைப்பு கைகூடும்.

புலவர் பெருமக்களே! உங்களிடம், உங்களுள் ஒருவனாக நின்று, சற்று உரத்தே பேசுகின்றேன். தூய தமிழ் காக்கும் நாம், நாட்டார் பாட்டைக் கொச்சை என்று ஒதுக்கியதுண்டு. இது முறையன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்தியை விலக்கவில்லை. இலக்கணத்துள் வைத்து இடந்தந்தார். இளங்கோவடிகள் கானல்வரியும் வேட்டுவவரியும் ஆய்ச்சியர் குரவையும் குன்றக்குரவையும் அமைத்தது மக்கள் பாடிய ஊற்றினின்று முகந்தன்றோ? மொழிஞாயிறு பாவாணர் தம் வேர்ச்சொல்லாய்வில் உலகவழக்கைச் சான்றாகக் கொண்டாரன்றோ? ஏட்டில் வடசொல் புகுந்து தமிழ்ச்சொல்லை ஓட்டியபோது, ஏர் பிடித்தவன் நாவிலும் நாற்று நட்டவள் நாவிலும் எத்தனையோ தமிழ்ச்சொற்கள் ஒளிந்து பிழைத்தன. அவர்களைக் கொச்சையர் என்று இகழ்ந்துவிட்டுத் தனித்தமிழை எங்கிருந்து வளர்ப்போம்?

மலையருவி என்னும் பெயரில் வெளிவந்த நாட்டார் பாடல் தொகுப்பின் பாடல்களைத் திரட்டியவர் பெர்சி மெக்வீன் என்னும் ஆங்கில அலுவலர். அயலார் தொடங்கிய பணியை நம்மவருள் பேராசிரியர் நா. வானமாமலை போன்றோர் தோள்மேற் கொண்டனர். 1964-இல் அவர் தமிழர் நாட்டுப்பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். அப்பணியைத் தொடர வேண்டியவர் நாம்.

தொகுக்கும்போது ஒன்றை மறவாதீர். இங்கிலாந்தில் முதலில் பாட்டுத் திரட்டியோர், நாகரிக மாந்தர் முகஞ்சுளிப்பரே என்று அஞ்சிப் பல பாடல்களின் சொற்களைத் திருத்தி அச்சிட்டனர். நல்வாய்ப்பாகச் சார்ப்பின் கையெழுத்துக் குறிப்புகளில் மூலம் எஞ்சியது. இன்று ஆய்வாளர் நாடுவது அம்மூலத்தையே. ஆகவே, நம் பாட்டி பாடும் பாட்டில் வழு காணின், அதனைத் திருத்தாதீர். அயற்சொல் காணின், அதனையும் நீக்காதீர். வாய்ச்சொல் எப்படியோ அப்படியே எழுதுங்கள். தூய்மை நாம் புதிதாகப் படைக்கும் பாட்டில் இருக்கட்டும். தொகுக்கும் பாட்டில் உண்மை இருக்கட்டும். பாடியவர் பெயரும், ஊரும், ஆண்டும் தவறாது குறியுங்கள். கிரடப்புக்கு நேர்ந்த கொடுமை நம்மூர்ப் பாடகர்க்கு நம்மால் நேரலாகாது.

இவ்வவையில் உள்ளார் ஒவ்வொருவரும் வரும் ஓராண்டில் பத்துப் பாட்டேனும் எழுதிக் கொணர வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன். தாலாட்டோ, ஏற்றப்பாட்டோ, ஒப்பாரியோ, எதுவாயினும் ஆகுக. முதியோர் கண்மூடுந்தோறும் ஒரு தொகுப்பு எரிந்து சாம்பலாகின்றது. நாம் காலந்தாழ்த்த இயலாது. அவ்வாறு திரட்டியதை நம் இளைஞர் கையில் கொடுப்போம். அவர்கள் அதனைப் பறையில் முழக்கட்டும், யாழில் மீட்டட்டும், மின்கித்தாரிலும் இசைக்கட்டும். கருவி எதுவாயினும் கவலையில்லை. குரல் நம்முடையதாகவும், மொழி தமிழாகவும் இருத்தல் வேண்டும், அவ்வளவே.

 வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!